ஆண்டறிக்கை: நெடுஞ்சாலையோரம் நம் ஊர்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அறுவடை வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. படிப்பகத்துக்கு நாளிதழ்கள் வந்துகொண்டிருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலைக்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சாலையில் உயிரைப் பறிகொடுத்த வீடுகளின் வாசலில் நின்றுவிட்டு வந்தவனுக்கு வேறொன்றைப் பேச மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 என்ற கணக்கோடு, நாட்டிலேயே நம் மாநிலம் முதலில் நின்றது. இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊரகப் பகுதிகளில். இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில்தான் விபத்துகள் மிகுதி. நம் சங்கத்து நோட்டிலும் இதே கதைதான்: விளக்கு வைக்கும் நேரம், பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் மொபெட், வீட்டுக்குக் கூப்பிடு தூரம்.

வழக்குப் பதிவில் எப்போதும் ஒரே வாசகம்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’. வேகம் கொல்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஏன் நடக்கிறது என்பதற்கு அந்த வாசகத்தில் விடை கிடையாது. இந்தச் சாலையை நான்கு வழியாக்கியபோது, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் புறவழிச் சாலைகளை இரு வழியாகவே விட்டார்கள். நடுத்தடுப்பு இருக்கும் என்ற நினைப்பிலேயே வரும் ஓட்டுநருக்கு எதிரே திடீரென்று லாரி வருகிறது. நேருக்கு நேர் மோதல்கள் இப்படித்தான் நடந்தன. பின்னால்தான் அகலப்படுத்தும் பணியே எடுக்கப்பட்டது.

நம் ஊர் விலக்கில் சிக்கல் வேறு. வயலிலிருந்து வருகிறவர் முறைப்படி திரும்ப வேண்டுமானால் வெகுதூரம் போய் வளைந்து வர வேண்டும். அதனால் ஓரமாகவே எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார்கள். தவறுதான். ஆனால் தலையில் புல்லுக்கட்டு ஏற்றி வருகிற அம்மாவிடம் அந்தத் தூரம் நடந்து சுற்றி வா என்று நான் எப்படிச் சொல்வேன்? விலக்கில் உயர் விளக்கும், நடந்து கடக்கப் பாதுகாப்பான வழியும் கேட்டு மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது, பதில் வரவில்லை. நினைவூட்டல் மனு நாளையே போகிறது.

இந்த ஆண்டு மனநிறைவோடு செய்த வேலை டிராக்டர் பெட்டிகளுக்கு ஒளிரும் பட்டை ஒட்டியதுதான். கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் பெட்டிகளில் பலவற்றுக்குப் பின்விளக்கே இல்லை. தோகை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இருட்டில் ஆடி ஆடிப் போகும் அந்த மலையைப் பின்னால் வருகிறவன் கிட்டே வந்த பிறகுதான் பார்க்கிறான். பட்டை ஒட்டுவது எளிது என்று நினைத்துப் போனோம். பலகையில் காய்ந்த சேறு, துரு. தேங்காய் மட்டையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்ட பிறகே பட்டை பிடித்தது. பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஓர் ஓட்டுநர் இருட்டிய பிறகு தள்ளிப் போய் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியின் நான்கு ஓரமும் பளிச்சென்று எரிந்தன. மறுநாள் தன் தம்பியின் பெட்டியையும் அவரே இழுத்து வந்துவிட்டார்.

மக்காச்சோளம் காயவைக்கும் பேச்சு எடுத்தபோது கூட்டத்தில் சூடு பறந்தது. நாமெல்லாம் விவசாயிகள், களம் உடைந்து கிடக்கும்போது தார்ச்சாலையை விட்டால் வேறு இடமில்லை என்பதும் உண்மை. ஆனால் சோளத்தை அள்ளிய பிறகு சுற்றி வைத்த கற்கள் அங்கேயே கிடக்கின்றனவே! இருட்டில் அந்தக் கல்லில் ஏறிய மொபெட் என்ன ஆகும்? அணுகுசாலையில் கல் வைப்பதில்லை என்ற தீர்மானம் அன்று நிறைவேறியது. களத்தைச் சீரமைக்க ஊராட்சியிடம் கேட்டிருக்கிறோம்.

அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2016லேயே உச்ச நீதிமன்றம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தந்துவிட்டது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது 134ஏ பிரிவாகச் சேர்ந்தது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வகுத்த செலவு வரம்பு வரை, பணம் கேட்கக் கூடாது. எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. இதையும் 108 என்ற எண்ணையும் தேநீர்க் கடைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம்.

தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், தலையில் போடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு பைக் சாவி கொடுக்கும் பெற்றோருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு.

பட்டை ஒட்டாத பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த அரவைக்கு முன் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்கூடிய இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– செயலாளர்