பாலிஷ் அடித்த பாவம்

மாப்ள,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசமாச்சு. திட்டு, ஆனால் முழுசாய்ப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சுகம். சோணை அப்படியேதான்.

40 மி.மீ. ஷாஃப்டு (சுற்றும் தண்டு), அதைத் தாங்கும் புஷ் ரெண்டும் எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல்; கண்ணாடியாய் பாலிஷ் அடித்தும் சுற்றாமல் பிடித்துக்கொண்டது என்கிறாய். அடித்தும் இல்லைடா, அடித்ததால்தான்!

மேடும் பள்ளமும் மாட்டிக்கொள்வதுதான் உராய்வு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இன்னும் உன்னை விடவில்லை. மேடேறச் செலவான சக்தி இறங்கும்போது திரும்பிவிடுமே, அப்புறம் சூடு ஏது? 1804-லேயே ஜான் லெஸ்லி என்ற விஞ்ஞானி கேட்ட கேள்வி இது.

விஷயம் ஒட்டு. 15 கிலோ இரும்புக் கட்டையை இரும்புத் தகட்டில் வை. அதன் கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண் 150 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 150 கிலோ தாங்கும். ஒன்றையொன்று தொடும் பொடி முகடுகள் நசுங்கி, தொடும் பரப்பு மொத்தம் 0.1 சதுர மி.மீ. சேர்ந்ததும் நசுங்கல் நின்றுவிடும். அடிப்பக்கம் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் தொடுவது லட்சத்தில் ஒரு பங்கு! படுக்க வைத்தாலும் நிறுத்தினாலும் அதே 0.1, எடை இரட்டித்தால் 0.2. உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் போட்ட கணக்கு. அந்தப் புள்ளிகளில் அணுவோடு அணு ஒட்டும். நகர்த்தினால் ஒட்டு அறும், அணுக்கள் அதிரும். அந்த அதிர்வுதான் சூடு.

நடுவில் ஆக்சைடும் (காற்றுப் பட்டு உலோகத்தின் மேல் படியும் தோல்) எண்ணெய்ப் பிசுக்கும் இருப்பதால்தான் கண்டதெல்லாம் வெல்டாகாமல் பிழைக்கிறோம். நீ எண்ணெய் தங்கும் வரிகளை வழித்துவிட்டு, இரும்போடு இரும்பை உரசவிட்டாய். ஆக்சைடு உரிந்தது, பற்றிக்கொண்டது.

நம்மூர் வண்டிக்காரருக்கு இது தெரியும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்த மசகு அவருடையது. அதிலுள்ள கொழுப்பமிலத்தின் தலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நிற்கும். மொத்த நீளமே சுமார் 2 நானோமீட்டர்; அது போதும், இரும்பு இரும்பைத் தொடாது. தேருக்கும் அச்சில் மசகு வேண்டும். அதையே தேரை நிறுத்தித் திருப்பச் சக்கரத்தில் கொடுக்கும் முட்டுக்கட்டையில் தடவினால் மாசி வீதி முக்கில் சோலி முடிந்தது.

புஷ்ஷை கன்மெட்டலுக்கு (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) மாற்று. ஷாஃப்டைக் கிரைண்டிங் ஃபினிஷோடு விடு, சொரசொரப்பு 0.4 மைக்ரான் போதும். இடைவெளி 0.04 மி.மீ. கொடு. எண்ணெய்க் காடியைப் பாரம் விழாத பக்கம் வெட்டு; பாரம் விழும் பக்கம் வெட்டினால் எண்ணெய்ப் படலம் கிழியும். முதலில் லேசான லோடில் ஓட்டு, புஷ்ஷைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏற்று.

சித்திரைக்கு வா. அந்தக் கண்ணாடி ஷாஃப்டையும் எடுத்து வா, சோணைக்கு முகம் பார்க்க ஆகும்.

உன் மச்சான்