பீரோவுல கெடக்கற கல்யாண கேசட்டை இப்பவே காப்பாத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகள்ல கல்யாணம் நடந்த வீடுகள்ல பீரோ மேல்தட்டுல ஒரு வீடியோ கேசட் அனேகமா இருக்கும், ஆனா போட்டுப் பாக்க விசிஆர் இருக்காது, கடைசி வரைக்கும் அதைத் தயாரிச்ச ஜப்பான் கம்பெனி ஃபுனாய் கூட 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு டேப்புல வெள்ளையா பூஞ்சை புடிக்கும், அப்படி இருந்தா தயவுசெஞ்சு சுத்தம் பண்ணாம மெஷின்ல போடாதீங்க, டேப்பும் கெட்டு, மெஷினுக்குள்ள டேப்பைப் படிக்கற ஹெட்டும் கெட்டு அடுத்து போடற கேசட்டுக்கும் அது பரவும்.

சிடில ஏத்தியாச்சேன்னு நிம்மதியா இருக்கறவங்களும் ஒருதடவை போட்டுப் பாருங்க. வீட்டுல எழுதற சிடில படம் பதியறது ஒரு சாயத்துலதான், வெயிலும் சூடும் பட்டா அது மங்கிடும். ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி, வெளியூர்ல இருக்கற அண்ணன் தங்கச்சி வீட்டுல இன்னொண்ணு வைங்க, 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறமும் எல்லாத்தையும் ஒரே வீட்டுல வைக்கறது சரியே இல்ல.

முக்கியமா, பெரியவங்க இருக்கும்போதே பக்கத்துல உக்கார வச்சு படத்துல யார் யாருன்னு எழுதி வாங்கிடுங்க. மாவட்ட நூலகங்கள்ல ஒரு விசிஆரும், பழைய ஃபோட்டோவுக்கு ஸ்கேனரும் வச்சு குறைஞ்ச கட்டணத்துல டிஜிட்டலா மாத்திக் குடுத்தா எவ்வளவோ குடும்பத்துக்கு உதவும், அரசு இதைச் செய்யணும்.

- ஒரு வாசகர், திருச்சி