செங்கமாரி என்று சொன்னோம்

கோண்டாவில்

என் அன்புப் பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். மனம் சரியில்லை, வைத்தியம் செய்கிறேன் என்று போன ஞாயிறு நீ போனில் சொன்னதைக் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை பிள்ளை" என்பதுதான். அடுத்தது, "குளிசையும் போடுறியோ?" நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. நீ "சரி அம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி" ஒரு கிழமையாக என் காதை விட்டுப் போகவில்லை. இதைப் போனில் கதைக்க வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியவேணும். 1984இல் நான் யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போனபோது திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்து மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருத்தி வடமராட்சிப் பிள்ளை, கணிதத்தில் கெட்டிக்காரி. இரண்டாம் வருஷம் அவள் மெல்ல மெல்லக் கதையைக் குறைத்தாள். விடியவே எழும்பிக் கிணற்றடியில் குந்தியிருந்து ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தோய்ப்பாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். "காணும், வா" என்று கையைப் பிடித்தால் வருவாள். விட்டால் திரும்பப் போய்விடுவாள். தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, என்று சொன்னார்கள்.

நாங்களும் அப்படியே சொன்னோம். அவளைப் பார்க்கப் போன அன்று செங்கமாரிக்குக் கொடுக்கிற கீழ்க்காய்நெல்லி பிடுங்கி ஒரு பையில் கொண்டு போனோம். செங்கமாரி இல்லை என்று எங்களுக்குத் தெரியும், பையை வாங்கிய தாய்க்கும் தெரியும். அவர் அதை அம்மியில் அரைத்து, மோரில் கலந்து, எங்கள் முன்னாலேயே அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். ஒரு சொல் சொல்லவில்லை.

உண்மையாகவே செங்கமாரி என்றால் ஒழுங்கை முழுக்க அந்த வீட்டு முற்றத்தில் நின்றிருக்கும். மனம் என்றபடியால் படலையைச் சாத்திவிட்டார்கள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். விசர் பிடித்த குடும்பம் என்று ஒரு பேர் வந்தால் மூன்று பிள்ளைகளின் கலியாணக் குறிப்பும் திரும்பி வரும். கோயிலில் நூல் கட்டினார்கள். செய்வினை என்று யாரோ சொல்லக் கழிப்புக் கழித்தார்கள். வைத்தியரிடம் போக ஒன்றரை வருஷம் பிடித்தது, அதற்குள் படிப்புப் போய்விட்டது. அந்தத் தாய் தகப்பனுக்குப் பிள்ளையில் உயிர். பயம் அவர்களை அப்படிச் செய்வித்தது.

அந்த நாளில் மனநோய் என்றால் எங்களுக்குக் கொழும்புப் பக்கத்து அங்கொடை ஆஸ்பத்திரி ஒன்றுதான் தெரியும். பெடியள் ஆளை ஆள் பகிடி பண்ணவும் அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்வார்கள். இப்போது அந்த ஆஸ்பத்திரிக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர், 1926 என்று அடித்தால் எடுத்துக் கதைக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்போது அப்படியில்லை. தற்கொலைக்கு முயன்று தப்புவது கூட 1998 வரை இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். வாய் திறக்காமல் இருப்பதுதான் பிள்ளையைக் காப்பாற்றும் வழி என்று பழகிவிட்டோம்.

உன் வகுப்பு அவுஸ்திரேலியப் பிள்ளைகள், பல் வைத்தியரிடம் போவது மாதிரி, "இன்றைக்குக் கவுன்சிலிங் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றாய். நீயும் அந்தச் சீனப் பிள்ளையும் மட்டும் ஆளில்லாத நேரம் பார்த்துப் பின்படியால் ஏறுகிறீர்கள் என்றாய். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது. பல இனத்து மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் ஆசியப் பிள்ளைகள் கூடுதலாகத் தயங்குவது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரரிடம் இந்த வெட்கமே இல்லை என்று நினையாதே. மனச்சோர்வு, பதகளிப்பு என்று தாராளமாகக் கதைக்கிற பலர், காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அங்கேயும் தள்ளித்தான் நிற்பார்கள். எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. அங்கே வருத்தம் ஒருவருடையது. இங்கே அது முழு வீட்டுக்கும் வந்ததாக எழுதப்படுகிறது, தங்கச்சியின் கலியாணம் வரைக்கும்.

அதே வீடு மருந்தாகவும் இருக்கும் பிள்ளை. உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி, ஒன்பது நாடுகளில் கடும் மனநோய் வந்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. இந்தியாவின் ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் இருந்தவர்கள், பணக்கார நாட்டு நகரங்களில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஏன் என்று இன்னும் வாக்குவாதப்படுகிறார்கள். குடும்பம் கூட இருந்ததும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு, நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் கூட இருப்பதென்றால் என்ன வருத்தம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லவேணும். கீழ்க்காய்நெல்லியோடு போய்க் கூட இருக்க முடியாது.

குளிசையை நீயாக நிறுத்தாதே, அந்த வைத்தியரைக் கேள். நல்லூரில் அர்ச்சனை செய்தேன், அது என் மனதுக்கு. நீ முன்படியால் ஏறு.

நேற்றுப் பெரியம்மா வந்திருந்தார். "பிள்ளை ஏன் எடுக்கிறாள் இல்லை?" என்று கேட்டார். சோதனை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பிறகு, "அவளுக்கு மனம் சரியில்லை அக்கா, வைத்தியம் செய்கிறாள்" என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது பிழையென்றால் என்னை ஏசு, வேறு ஒருவருக்கும் உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 1995இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டு நின்ற அந்த இரவிலிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லையாம். இத்தனை வருஷமும் எங்களுக்குப் பிரஷர் குளிசை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளைக்கு நித்திரை வருதாமோ?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. எழுது ராசாத்தி.

அம்மா