ஹெலனைக் குறித்தும் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய திகில் தொடர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், நடிகர் போரிஸ் கார்லாஃப் தொகுத்து வழங்கிய ‘த்ரில்லர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ‘தி பாய்சனர்’ என்ற கதைக்கும் (1961 ஜனவரி 10 அன்று என்.பி.சி.யில் ஒளிபரப்பானது) இடம் தந்திருந்தது மகிழ்ச்சி அளித்தது. நஞ்சு வைக்கும் கனவானாக வரும் மர்ரே மாதிசனின் நடிப்பைக் கட்டுரையாளர் புகழ்ந்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்த மனிதரை வெறுக்கவே முடியவில்லை என்று வியந்தவர், வெறுக்க முடியாதபடி கதை எவ்வாறு பின்னப்பட்டிருக்கிறது என்பதையும் சற்று ஆராய்ந்திருக்கலாம். நாடகத்தில் மாமியாரும் மைத்துனியும் நயம் அறியாதவர்களாக அவருடைய அழகிய வீட்டுக்குள் வந்து குடியேறி, பார்க்கும் நமக்கே எரிச்சலை மூட்டுகிறார்கள். இவர்கள் தொலைந்தால் தேவலை என்று நாம் நினைக்கத் தொடங்கும் நேரம் பார்த்து நஞ்சு தன் வேலையைக் காட்டுகிறது.

கதைக்கு மூலமான தாமஸ் கிரிஃபித்ஸ் வெயின்ரைட் உண்மையில் வாழ்ந்தவர். ‘லண்டன் மேகசின்’ இதழில் புனைபெயர்களில் கலை விமர்சனம் எழுதியவர். லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லாமின் நண்பர். 1828இல் தாய்மாமன் இறந்து வீடு இவர் கைக்கு வந்தது; 1830 ஆகஸ்டில் மாமியார் இறந்தார். மனைவியின் தங்கை ஹெலனின் கதைதான் நெஞ்சை உறுத்துவது. இருபது வயதை ஒட்டிய, எந்த நோயும் இல்லாத அந்தப் பெண்ணை, வெயின்ரைட்டின் மனைவி காப்பீட்டு நிறுவனம் நிறுவனமாக அழைத்துச் சென்று, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை எடுக்க வைத்தார்; மொத்தத் தொகை 16,000 பவுண்டுக்குக் குறையாது. நல்ல உடல்நிலையில் இருக்கும் இளம்பெண்ணுக்கு இத்தனை குறுகிய காலத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய காப்பீடு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்த டிசம்பரிலேயே அவள் இறந்தாள். நாடகம் பார்த்துவிட்டு ஈரத்தில் நடந்து வந்ததும் இரவில் சிப்பி உண்டதும்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. வழக்குத் தொடுத்த வெயின்ரைட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நஞ்சு வைத்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்று கட்டுரை கூறுகிறது. கொலைக் குற்றத்துக்காக அவர் ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை. வங்கியில் இருந்த தம் அறக்கட்டளைப் பணத்தை எடுக்கப் பிறர் கையெழுத்தைப் போலியாக இட்ட குற்றத்துக்காகவே 1837இல் ஆயுள் முழுவதற்கும் நாடுகடத்தப்பட்டு, 1847இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இறந்தார். (அவர் சாயலில் நடித்த மாதிசனும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவரே.)

ஹெலனின் கணுக்கால்கள் மிகவும் தடித்திருந்தன, அதனால்தான் கொன்றேன் என்று வெயின்ரைட் சொன்னதாக எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1889இல் எடுத்துக்காட்டிய நகைச்சுவைத் துணுக்கைக் கட்டுரையாளரும் ரசித்து மேற்கோள் காட்டியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, கேட்பவரைச் சிரிக்க வைத்து, பத்திரங்களையும் பவுண்டுகளையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது அந்த ஒரு வாக்கியம். தொலைக்காட்சி நாடகமும் அந்த வழியிலேயே நடந்தது. கட்டுரைத் தொடரை நூலாக்கும் எண்ணம் இருப்பின், தண்டனை பற்றிய வரியைத் திருத்தி, ஹெலனைப் பற்றி ஒரு பத்தியாவது சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்