சாந்திக்கு, கையேட்டுப் படங்கள் பற்றி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதமும் கையேட்டு வரைவும் வந்து சேர்ந்தன. பெரியவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அவன் சொல்வதில் பாதியை மட்டும் நம்பு. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எனக்கு அதே கம்பெனி, அதே மென்பொருள், அதே உதவிக் குறிப்பு எழுதும் வேலை.

சரி, கையேட்டுக்கு வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவதை நீ சொல்லிக்கொடுத்திருக்கும் விதம் அருமை. படங்கள்தான் இடிக்கின்றன. உங்கள் கம்பெனியின் நிஜ பில்களையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அங்கங்கே கறுப்புக் கட்டமும், எழுத்தைச் சதுரம் சதுரமாகக் கலைக்கும் மொசைக்கும் போட்டிருக்கிறாய். மறைத்தவற்றில் பெரும்பாலானவற்றை நான் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

முதல் படத்தையே எடு. கீழே பான் எண்ணை அழகாகக் கறுப்படித்திருக்கிறாய், மேலே ஜிஎஸ்டி எண் அப்படியே இருக்கிறது. அந்தப் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண்ணேதான். ஆடிட்டர் ஆபீசில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு இது தெரியாததல்ல, படம் எடுக்கும்போது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது படத்தில் பீஸ் விலையையும் மொத்த மதிப்பையும் மறைத்திருக்கிறாய். எண்ணிக்கை 500 என்று தெரிகிறது, மத்திய அரசின் பங்கான 2.5 சதவீத சிஜிஎஸ்டி 1,250 ரூபாய் என்றும் தெரிகிறது. அப்படியானால் சரக்கின் மதிப்பு 50,000, பீஸ் 100 ரூபாய். திருப்பூரில் எதை ரகசியம் என்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிஎஸ்டி எண்ணை யார் வேண்டுமானாலும் போர்ட்டலில் போட்டு வியாபாரப் பெயரைப் பார்க்கலாம். ஆனால் சரக்கு வாங்கும் இன்ன பார்ட்டிக்கு இன்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்பது பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டர் போய்விடும். பான், ஆதார் என்றால் எல்லோரும் உஷாராகிறோம், விலை விஷயத்தில் அந்த உஷார் வருவதில்லை. எதை மறைப்பது என்று யோசிக்கும்போது, இதைப் பார்க்க யார் ஆசைப்படுவார்கள் என்று கேட்டுப் பார். பட்டியல் தானாக மாறிவிடும்.

அதே பில்லில் பார்ட்டி பெயரையும் மறைத்திருக்கிறாய். ஆனால் மூலையில் இ-இன்வாய்ஸ் க்யூஆர் கட்டம் பளிச்சென்று நிற்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்ணும், பில் எண், தேதி, மொத்தத் தொகையும் அதற்குள் இருக்கின்றன. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும் என்றும் நினைக்காதே. ஒரு பகுதி அழிந்தாலும் படிக்கும்படிதான் க்யூஆரை வடிவமைத்திருக்கிறார்கள், உச்ச அளவில் 30 சதவீதம் வரை தாங்கும். முழுக் கட்டத்தையும் மூடு.

தொழிலாளி ஒருவரின் ஆதார் உள்ள படத்தில் கடைசி நான்கு இலக்கத்தை மறைத்து முதல் எட்டைத் திறந்து வைத்திருக்கிறாய். மறைக்கப்பட்ட ஆதார் என்று அரசே தரும் பிரதியில் இது நேர் தலைகீழ்: முதல் எட்டு மறைந்திருக்கும், கடைசி நான்கு தெரியும். அந்தத் தொழிலாளி வேறு எங்கோ கொடுத்த பிரதியையும் உன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழு எண்ணும் கையில். போதாததற்குக் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஏதாவது ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் மறைத்தால் மறைக்காததற்குச் சமம்.

மொசைக் போடுவதை அடியோடு விட்டுவிடு. அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் அங்கிருந்த நிறங்களின் சராசரி. எழுத்துரு தெரியும், இலக்கங்களோ பத்துதான். ஒவ்வொன்றையும் அதே மாதிரி மொசைக்காக்கி ஒப்பிட்டுக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும். 2020-இல் டெப்பிக்ஸ் என்ற கருவி இதை இலவசமாகச் செய்து காட்டியது, 2022-இல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொன்றை வெளியிட்டது. மொசைக் போட்டு எண்ணை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

வேர்டில் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அப்படியே அனுப்புவதும் அதே ரகம், யாராவது நகர்த்தினால் போயிற்று. வேர்டில் க்ராப் செய்ததும் கோப்பை விட்டுப் போவதில்லை, படத்தைச் சுருக்கும் இடத்தில் வெட்டிய பகுதியை நீக்கச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் பிக்சல் ஃபோனிலும் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் இப்படி ஒரு ஓட்டை வெளியே வந்தது. வெட்டிச் சேமித்த படத்தின் வாலில் பழைய படத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் அனுப்பியவை அனுப்பியவைதான். நான் செய்வது சுலபம்: அழுத்தமான கறுப்புக் கட்டம் போட்டு, அந்தத் திரையையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் புதுப் படத்தை மட்டும் பயன்படுத்துவேன்.

ஆனால் உன் கையேட்டுக்கு இந்தப் பாடே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. டேலியில் ஒரு மாதிரிக் கம்பெனி உருவாக்கு. உள்ளூர் பார்ட்டி ஒன்று, தமிழ்நாட்டுக் குறியீடான 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணோடு. பெங்களூர் பார்ட்டி ஒன்று, கர்நாடகக் குறியீடான 29-இல். வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி எப்போது வருகிறது என்பதையும் அப்படியே காட்டிவிடலாம். நிஜ பில் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்று முதலாளி சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. நிஜ பில்லில் நீ கற்றுத்தர நினைக்கும் தப்பு இருக்காது. மாதிரிக் கம்பெனியில் வேண்டுமென்றே வரியைத் தப்பாகப் போட்டு, திருத்துவதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஜிஎஸ்டி போர்ட்டல் படங்களுக்கு மாதிரிக் கணக்கு உதவாது. அங்கே ப்ரவுசரில் எஃப்12 அழுத்தி, பக்கத்தின் உள்குறியீட்டைத் திறந்து, திரையில் தெரியும் பெயரையும் எண்ணையும் மாற்றி எழுதிவிட்டுப் படம் எடு. மாற்றம் உன் திரையில் மட்டும்தான், ரீஃப்ரெஷ் செய்தால் பழையபடி வந்துவிடும். எடுக்கும் முன் வாட்ஸ்அப் வெப்பை மூடு. ஏழாவது படத்தின் ஓரத்தில் உன் மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிய செய்தி எட்டிப் பார்க்கிறது. நலமாக இருக்கிறாரா? கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, ஆனால் படித்துவிட்டேனே.

இந்த வரைவை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடு. எல்லோருக்கும் நீக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். அதற்குள் இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும். அடுத்த வரைவை அனுப்பு, எழுத்துப்பிழையையும் சேர்த்தே பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா