புயல் நேரத்தில் துப்பாக்கியைக் கேட்டால்: ஹூஸ்டன் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன் வட்டாரத்தில் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சமீபத்தில் பேர்லண்டில் ஒரு நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜூன் பிறந்துவிட்டது, புயல் சீசன் வந்தாச்சு என்று பேச்சு ஆரம்பித்தது. ஜெனரேட்டர், தண்ணீர் கேன் எல்லாம் தாண்டித் துப்பாக்கியில் வந்து நின்றது. "கத்ரீனா அப்போ நியூ ஆர்லியன்ஸ்ல வீடு வீடா வந்து பிடுங்கிட்டுப் போனாங்கண்ணா. என் வீட்டுப் படி ஏறட்டும், அப்புறம் இருக்கு கதை" என்றார் ஒரு தம்பி. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படிச் சிரித்தது தப்பு என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

தம்பி சொன்ன வரலாறு பொய்யல்ல. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையேறியது. கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நியூ ஆர்லியன்ஸில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், போலீஸைத் தவிர யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, எல்லாம் பறிமுதல் செய்யப்படும் என்று அந்நகரின் போலீஸ் தலைவர் எடி காம்பஸ் அறிவித்தார். கம்பெனிகளும் பணக்காரர்களும் சம்பளம் கொடுத்து நிறுத்திய தனியார் காவலர்களுக்கு மட்டும் அந்த உத்தரவு பொருந்தவில்லை. அவர்கள் கையில் ரைஃபிளோடு தெருவில் நின்றார்கள். சொந்த வீட்டில் சொந்தத் துப்பாக்கியோடு இருந்தவனிடம்தான் வந்து கேட்டார்கள். இதில் கோபப்படாதவன் மனுஷனே இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் எடுத்த ஒரு டிவி காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். வயதான ஒரு பெண்மணி, வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். சாப்பாடு இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன, பாதுகாப்புக்கு இதுவும் இருக்கிறது என்று ஒரு பழைய ரிவால்வரைக் காட்டுகிறார். விரல் விசையில் இல்லை. உள்ளங்கையில் தட்டையாக, பூக்கடையில் பூவை நீட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார். அடுத்த நொடி வெளி மாநிலத்திலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து அவரைச் சுவரோடு சாய்க்கிறார். நம் கூட்டங்களில் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுபவர்கள் எல்லாரும் போலீஸைத் திட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கையைத்தான். காட்டினார், அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

சரி, அதற்கு அப்புறம் என்ன நடந்தது? துப்பாக்கி உரிமையாளர் அமைப்புகள் வழக்குப் போட்டன. செப்டம்பர் 23-ஆம் தேதியே கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. நகர நிர்வாகமோ, நாங்கள் எதையும் பறிக்கவே இல்லை என்று சாதித்தது. 2006 மார்ச்சில்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் தங்கள் வசம் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2008 அக்டோபரில் சமரசமாகி, இனிப் பறிக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை வந்தது. மூன்று வருஷம்! ரசீதும் சீரியல் நம்பரும் கையில் இருந்தவர்கள் ஒரு படிவத்தை நிரப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இல்லாதவர்கள் தங்கள் துப்பாக்கி எப்படி இருக்கும் என்று விவரித்துப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு போனபோது பல பேருக்குத் துண்டுச் சீட்டுக்கூடக் கொடுக்கப்படவில்லை. கறுப்பு நிறம், ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதினால் அது எத்தனை துப்பாக்கிக்குப் பொருந்தும், யோசித்துப் பாருங்கள்.

இது எனக்கே நடந்த விஷயம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். பார்க்கர் அணைத் தேக்கம் நிரம்பி, அதன் தண்ணீர் பின்பக்கமாக ஏறி எங்கள் தெருவுக்குள் வந்தது. மழை நின்றால் வடிந்துவிடும் என்று மாடியில் இருந்தோம். வடியவில்லை. மறுநாள் மதியம் தட்டைப்படகு ஒன்று வந்தது. ஓட்டியது லூசியானாவிலிருந்து வந்த தொண்டர், கூட ஒரு ஷெரீஃப் துணை அதிகாரி. ஏறுமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆயுதம் ஏதாவது இருக்கிறதா? என் முதுகுப்பையில் கிளாக் கைத்துப்பாக்கி இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி நின்று, "இருக்கிறது, பையின் உள் ஜிப்பில்" என்றேன். அவரே எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றி, மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மூடி போட்ட பெட்டியில் வைத்தார். மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மாடியில் இருந்த சாமி படங்களை விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

மேட்டில் இறங்கியபோது பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே மாதிரி இரண்டு கிளாக். இன்னொன்று பின்தெருவிலிருந்து ஏறிய ஒருவருடையது. "உன்னுடையது எது?" என்றார் அதிகாரி. எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன், சீரியல் நம்பர் தெரியாது. விசைக்கு முன்னால், குழலுக்கு அடிப்பக்கம், ஒரு சின்ன உலோகத் தகட்டில் இருக்கும் அது. அந்த இன்னொருவர் போனை எடுத்துத் தன் துப்பாக்கியின் நம்பர் தெரிகிற போட்டோவைக் காட்டினார். அவருடையது போக மிச்சம் இருந்ததால் எனக்கு என்னுடையது கிடைத்தது. பெட்டியில் மூன்று இருந்திருந்தால்?

அன்று அந்த அதிகாரி செய்ததற்குச் சட்டம் இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். கத்ரீனாவுக்குப் பிறகு, 2006-இல், பேரிடர் நேரத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. செனட்டில் 84-க்கு 16 என்று நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் கைதூக்கினார்கள். கூட்டாட்சிப் பணம் வாங்குகிற உள்ளூர்க் காவல்துறைக்கும் அது பொருந்தும். மீறினால் நீங்கள் வழக்குப் போடலாம், ஜெயித்தால் வக்கீல் செலவும் அவர்கள் தலையில். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. மீட்புப் படகிலோ பஸ்ஸிலோ ஹெலிகாப்டரிலோ ஏறுவதற்கு நிபந்தனையாகத் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கேட்கலாம், இறங்கியதும் திருப்பித் தர வேண்டும். டெக்சஸ் சட்டமும் 2007 முதல் பறிமுதலைத் தடுக்கிறது. அதிலும், தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால் அந்த நேரத்துக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரிக்கு இடம் இருக்கிறது.

அதனால் வாசலில் நிற்பவர் செய்வது பறிமுதலா, தற்காலிகமாக வாங்கிவைப்பதா என்று அந்த நிமிஷத்தில் உங்களால் தீர்மானிக்க முடியாது. அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு நாளாகத் தூங்காமல், ரேடியோவில் வருகிற பாதி வதந்தியைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். கத்ரீனாவில் ஜனங்கள் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கம் பற்றி மேயரும் போலீஸ் தலைவரும் டிவியிலேயே சொன்ன பயங்கரங்களில் பெரும்பாலானவை கடைசியில் நடக்காதவை என்று தெரியவந்தது. அந்த மனநிலையில் இருப்பவரிடம் சட்டப்பிரிவு எண் சொல்லிப் பேசலாம், தப்பில்லை. கையில் எதுவும் இல்லாமல் பேசுங்கள்.

கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். நம் நிறத்தைப் பற்றி. 2005 செப்டம்பர் 4 அன்று நியூ ஆர்லியன்ஸின் டான்சிகர் பாலத்தில் போலீஸார் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள், நான்கு பேர் படுகாயம். எல்லாரும் கறுப்பினத்தவர். யார் கையிலும் ஆயுதம் இல்லை. பிறகு கதையைச் சரிக்கட்ட, வழக்கை விசாரித்த போலீஸ்காரரே தன் கராஜிலிருந்து ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து அங்கே கிடைத்த மாதிரிக் கணக்குக் காட்டினார். அந்தப் போலீஸார் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை உறுதியானது 2016-இல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்ஜியர்ஸ் பாயின்ட்டில், பேட்டையைக் காக்கிறோம் என்று துப்பாக்கியோடு நின்ற வெள்ளைக்காரர்கள் அந்த வழியாக வந்த கறுப்பினத்தவரைச் சுட்டார்கள். இருட்டில், மழையில், கரண்டு இல்லாத தெருவில், கையில் ஷாட்கன்னோடு வாசலில் நிற்கிற மாநிறக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வீட்டுக்காரனாகத் தெரிவானா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அந்தத் தம்பியின் வீரத்தில் எனக்குப் பயமாக இருப்பது இந்த இடம்தான்.

இன்னொன்றை நம் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. விசா. எச்-1பி, எச்-4, விசிட்டர் என்று எந்தத் தற்காலிக விசாவில் இருப்பவரும் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2006 சட்டத்தின் பாதுகாப்பும் சட்டப்படி வைத்திருப்பவருக்கு மட்டும்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவிடம் "நீங்க மாடியில இருங்க, இது பக்கத்துல இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டு மளிகை வாங்கப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாசம்தான். அந்த நேரத்தில் யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் மாட்டியிருப்பது அந்தப் பெரியவர். கிரீன் கார்டு இருப்பவருக்கும் சொல்கிறேன்: துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை வந்தால் அது நாடு கடத்தப் போதுமான காரணம். வாசலில் ஐந்து நிமிஷம் முறைத்துக்கொண்டதற்குக் கிடைக்கும் வழக்கு உங்கள் குடியுரிமை மனுவரைக்கும் வந்து நிற்கும்.

கனடாவில் இந்த மாதிரி நடந்தபோது ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். 2013 ஜூன் வெள்ளத்தில் ஆல்பர்ட்டாவின் ஹை ரிவர் ஊரையே காலி செய்தார்கள். ஆள் இல்லாத வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து, சில வீடுகளில் கதவை உடைத்து, நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை எடுத்துப்போனது. ஊர் கொதித்தது. பிரதமர் அலுவலகமே போலீஸைக் கடிந்துகொண்டது. யாரும் சுட்டுக்கொள்ளவில்லை. புகார் எழுதினார்கள், உடைந்த கதவுக்குப் பணம் கேட்டார்கள். 2015 பிப்ரவரியில் புகார் ஆணையத்தின் அறிக்கை வந்தது. பூட்டாமல் கண்ணெதிரே கிடந்தவற்றை எடுத்ததில் நியாயம் இருந்தது, பத்திரமாகப் பூட்டியிருந்த சிலவற்றை எடுத்தது அதிகார மீறல் என்று அதில் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்கே எங்கள் வீட்டு சேஃபைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றினேன்.

எங்கள் பெரியப்பா கம்பம் பக்கத்தில் காட்டுப்பன்றிக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவித்தால் போதும், மஞ்சள் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவார். ஒருமுறை ரைட்டர் "நாளைக்கு வந்து ரசீது வாங்கிக்கோங்க" என்றதற்கு, துப்பாக்கியோடு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ரசீது கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி கைமாறியது. குரல் உயர்த்தியதாகவும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அங்கே லைசென்ஸ் புத்தகத்திலேயே நம்பர் இருக்கும். டெக்சஸில் பதிவேடே கிடையாது. அது நமக்கு வசதி என்று பெருமையடிக்கிறோம். ஆனால் இந்தத் துப்பாக்கி உங்களுடையது என்று சொல்ல அரசாங்கத்திடம் எதுவும் இல்லை என்றும் அர்த்தம். வாங்கியபோது நிரப்பிய 4473 படிவம் கடைக்காரரிடம்தான் இருக்கிறது. ரசீது தொலைந்திருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். நம்பர் தெரிகிற போட்டோ ஒன்றை உங்கள் போனிலும் வேறு ஊரில் இருக்கும் ஒருவர் போனிலும் வையுங்கள். போன் நனைந்தால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவது. ரசீது நகல் பாஸ்போர்ட் இருக்கும் அதே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். செஞ்சிலுவைச் சங்க முகாம்களில் ஆயுதத்தோடு விடமாட்டார்கள். எங்கே வைப்பது என்று முகாம் வாசலில் நின்று யோசிக்காமல், தண்ணீர் வராத பகுதியில் இருக்கும் நண்பரிடம் இப்போதே பேசி வையுங்கள். காரில் விட்டுப் போகாதீர்கள், திருடன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

யாராவது வந்து கேட்டே விட்டால், எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், நீங்கள் எடுக்காதீர்கள். "எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். ரசீது கேளுங்கள். தரவில்லையென்றால் பெயர், பேட்ஜ் எண், வண்டி எண், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் மனைவியோ பிள்ளையோ வீடியோ எடுக்கட்டும். தண்ணீர் வடிந்ததும் வக்கீலிடம் போவோம். தனியாக இல்லை, எல்லாரும் சேர்ந்து.

கராஜில் பேசிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உன்மேல் கோபம் எதுவும் இல்லை. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம், நம்பரை மட்டும் எழுதி எடுத்து வா. பிரின்டரும் லேமினேட் மெஷினும் இருக்கின்றன. அண்ணி இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
கேட்டியிலிருந்து உங்களில் ஒருவன்