தப்பிய மஜ்ஜை

அன்புள்ள நண்பர் சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் அனைவரையும் மகிழ்வித்தது. 1986 ஏப்ரல் 26 அன்று விபத்துக்குள்ளான செர்னோபில் அணுமின் நிலையத்தில் தீயணைக்கச் சென்றவர்களில் பலர், வாந்தி நின்றபின் சில நாட்கள் நலமாகத் தோன்றிவிட்டுப் பிறகு ஏன் சரிந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

கதிர்வீச்சு அதிகம் தாக்குவது இரத்தத்தில் ஓடும் முதிர்ந்த அணுக்களை அல்ல. எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் பிரிந்து பெருகும் முன்னோடிச் செல்களையே. ஊற்றுக்கண் அடைபட்டாலும் குளத்து நீர் சில நாள் இருப்பதுபோல, ஏற்கெனவே உருவான அணுக்கள் தத்தம் ஆயுள்வரை உழைக்கின்றன. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எட்டுப் பத்து நாட்களும் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்களும் தாங்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் ஆயுளோ மிகக் குறைவு. ஆனாலும் மஜ்ஜையில் ஏற்கெனவே முதிர்ந்துகொண்டிருந்தவை சில நாட்கள் ஈடுகொடுக்கும். ஆகவே தொற்றும் இரத்தக்கசிவும் வாரங்கள் கழித்தே தலைகாட்டுகின்றன. இரத்தசோகை அவற்றுக்கும் பின்தான். வெள்ளணுக்களில் மற்றொரு வகையான நிணநீர் அணுக்கள் மட்டும் இதற்கு விலக்கு. முதிர்ந்த நிலையிலும் அவை எளிதில் மடிவதால், முதல் இரண்டு நாட்களில் அவற்றின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதைக் கொண்டு, உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

கதிர்வீச்சின் மொத்த அளவைப் போலவே, மஜ்ஜையில் எவ்வளவு தப்பியது என்பதும் முக்கியம் என்று நான் கருதுகிறேன். 1949இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்து, கொல்லும் அளவுக்குக் கதிர்வீச்சைச் செலுத்தினார். அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. எலிக்கு மண்ணீரலிலும் இரத்தம் உருவாகும். அங்கிருந்து ஏதோ ஒரு சுரப்பு வெளிப்பட்டுக் காப்பாற்றியது என்றே அவர் முதலில் எண்ணினார். உண்மையில் காப்பாற்றியவை செல்களே என்பது 1950களின் நடுவில் உறுதியானது. 1961இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும், கதிர்வீச்சுக்கு ஆளான எலிகளுக்குள் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியபோது, மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து பிறந்தது என்று அவர்கள் குழு இரண்டாண்டுகளில் நிறுவியது. பலவகை அணுக்களாக வளரக்கூடிய மூலச் செல்களான குருத்தணுக்களின் ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவை இந்த எலிகளே!

செர்னோபிலில் கடுங்கதிர் நோய் உறுதியான 134 பேரில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தனர். 13 பேருக்குச் செய்யப்பட்ட மஜ்ஜை மாற்றம் பெரும்பயன் தரவில்லை. தோலில் ஏற்பட்ட கதிர்ப் புண்களே பலரை வீழ்த்தின. சொந்தக் குருத்தணுக்களில் சிறு பகுதி எஞ்சினாலும் மஜ்ஜை தானே மீளக்கூடும் என்பதால், அத்தகையோருக்கு மாற்று மஜ்ஜை தேவைப்படுவதும் இல்லை.

வளர்ந்தவர்களின் இரத்தம் உருவாக்கும் மஜ்ஜையில் கணிசமான பங்கு இடுப்பெலும்பில் இருக்கிறது. இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கையில் அதை எவ்வாறு விலக்கித் திட்டமிடுகிறார்கள் என்பதை உங்கள் மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கோ. நடராசன்